நிரல் எழுதத் தெரிந்த நம் பிள்ளைகளுக்கு மேற்பயிற்சி எது?

நாகர்கோவில், இரணியல், குழித்துறை ஆகிய இரயில் நிலையங்களில் காலை வேளையில் திருவனந்தபுரம் செல்லும் வண்டிக்காகக் காத்து நிற்போரைச் சற்றே உற்று நோக்கினால், தோளில் மடிக்கணினிப் பையுடன் இளைஞர்களும் இளம் பெண்களும் நிற்பதைக் காணலாம். கன்னியாகுமரி வரை 1979இல் இரயில் பாதை வந்தபோது, இப்படியொரு பயணிகள் கூட்டம் உருவாகும் என எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள். 1990இல் கழக்கூட்டத்தில் தொடங்கப்பெற்ற டெக்னோபார்க், நம் மாவட்டத்துப் பட்டதாரிகளுக்கு மதுரையையும் சென்னையையும்விடப் பக்கத்து வீடு. தக்கலை, திருவிதாங்கோடு, இடலாக்குடி, தேங்காய்ப்பட்டணம் போன்ற ஊர்களைச் சேர்ந்த நம் சமுதாயப் பிள்ளைகளும் கணினிப் பட்டம் பெற்று இத்துறையில் அடியெடுத்து வைக்கின்றனர். அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால், முதல் வேலை கிடைத்த மகிழ்ச்சியில் நம் குடும்பங்கள் ஒன்றைக் கவனிக்கத் தவறிவிடுகின்றன. நிரல் எழுதக் கற்பது ஒன்று. ஒரு முழு மென்பொருளை உருவாக்கிப் பிறர் கையில் கொடுத்து, அது பல ஆண்டுகள் பழுதின்றி இயங்குமாறு காப்பது மற்றொன்று. முன்னது கல்லூரியில் கிடைக்கிறது. பின்னதற்கான பயிற்சியைக் கல்லூரிகள் பெரும்பாலும் தருவதில்லை. அலுவலகங்களோ ஒருவரிடம் ஒரு சிறு துண்டு வேலையை மட்டும் ஒப்படைத்து, அதிலேயே ஆண்டுக்கணக்கில் அமர்த்திவிடுகின்றன. பத்தாண்டு அனுபவம் என்று எழுதிக் கொடுப்பவர்களில் பலருக்கு உண்மையில் இருப்பது, ஓராண்டு அனுபவத்தின் பத்துப் பிரதிகளே. வேலைக்குறைப்பு வரும்போது முதலில் கலங்குவோரும் இவர்களே. எனவே, ஏற்கெனவே நிரலர்களாய் இருப்போருக்கு வேண்டிய மேற்பயிற்சியைப் பற்றி, அதிலும் குறிப்பாக மேசைக் கணினியில் இயங்கும் மென்பொருள்களை உருவாக்கும் பயிற்சியைப் பற்றி இங்கே சிந்திப்போம்.

மேசைக் கணினி மென்பொருளின் காலம் முடிந்துவிட்டதே, இனி எல்லாம் இணையமும் கைப்பேசியும்தானே என்று சிலர் கேட்கலாம். கேட்பவர்கள் தங்கள் ஊர்க் கடைத்தெருவுக்கு ஒருமுறை சென்று வரட்டும். ஜவுளிக்கடையில் பில் அடிக்கும் கணினி, நகைக்கடையில் தராசோடு இணைந்திருக்கும் கணினி, இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் கருவியிலிருந்து முடிவுகளை வாங்கி அச்சிடும் கணினி, எடைமேடையில் லாரியின் பாரத்தைப் பதியும் கணினி, திருமண ஆல்பம் வடிவமைக்கும் ஸ்டுடியோவின் கணினி ஆகிய இவற்றிலெல்லாம் ஓடுவது பெரும்பாலும் அந்தக் கணினியிலேயே நிறுவப்பட்ட மென்பொருள்தான். கருவியோடு நேரடியாகப் பேச வேண்டிய இடத்தில் இத்தகைய மென்பொருளின் தேவை நீங்கவில்லை.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் நம் மாவட்டத்தைச் சூறையாடியதை எவரும் மறந்திருக்க முடியாது. மின்கம்பங்கள் சாய்ந்தன, பல ஊர்கள் நாட்கணக்கில் இருளில் மூழ்கின. அத்தகைய நாட்களில் ஜெனரேட்டர் வைத்துக் கடை திறப்பவருக்கு, இணையம் இல்லாமலே இயங்கும் மென்பொருள் இருந்தால்தான் கணக்கு ஓடும். எங்கோ தொலைதூரத்தில் உள்ள சர்வரை நம்பியிருக்கும் மென்பொருள் அப்போது வெறும் படம்.

இந்தியக் கடைத்தெருவின் மென்பொருள் என்றால் முதலில் நினைவுக்கு வருவது டேலி. பெங்களூரில், ஆலைகளுக்கு மூலப்பொருளும் இயந்திர உதிரிப் பாகங்களும் விற்றுவந்த சியாம் சுந்தர் கோயங்கா என்ற வணிகர் தம் கணக்குகளைப் பார்க்க ஏற்ற மென்பொருள் கிடைக்காமல் தம் மகன் பரத் கோயங்காவிடம் அதை எழுதச் சொன்னதன் விளைவாக, 1986இல் உருவானது அது. வணிகர் வீட்டுப் பிள்ளை எழுதியதால், கணக்கெழுதுபவரின் கை எங்கே போகும், எந்தப் பொத்தானைத் தேடும் என்பதெல்லாம் அதில் இயல்பாகவே அமைந்தன. 2020இல் பரத் கோயங்காவுக்கு இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது. 2017 ஜூலை முதல் நாள் ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்தபோது, நாடெங்கும் கடைகளில் இருந்த பில் மென்பொருள்கள் அத்தனையையும் மாற்றி எழுத வேண்டியதாயிற்று. தன் மென்பொருளின் கட்டமைப்பை நன்கு அறிந்த நிரலர்களுக்கு அது வாய்ப்பாக அமைந்தது. வரி விகிதத்தை நிரலுக்குள்ளேயே நூறு இடங்களில் எழுதி வைத்திருந்தவர்களுக்கோ அது பெரும் சோதனையாக முடிந்திருக்கும். நம் சமுதாயத்தில் வணிகக் குடும்பங்களுக்குக் குறைவில்லை. மீன் ஏலமும், ரப்பர் ஷீட் வியாபாரமும், ஜவுளியும், அரிசி மண்டியும் அறிந்த வீட்டுப் பிள்ளைகள், அந்த அறிவைக் கணினியில் இறக்கும் திறனைப் பெறாமல் இருப்பதுதான் வேதனை.

மர்ஹூம் உமர் தம்பி

நம்மவர்களில் இதற்கு முன்மாதிரி உண்டா என்று கேட்டால், தஞ்சைக் கடற்கரையின் அதிராம்பட்டினத்தைச் சேர்ந்த மர்ஹூம் உமர் தம்பி அவர்களைத் தயக்கமின்றிச் சுட்டலாம். 1953இல் பிறந்து 2006இல் இறையடி சேர்ந்த இவர், துபையில் பணியாற்றியவர். வளைகுடாவுக்குச் சென்ற நம் சகோதரர்கள் ஓய்வு நேரத்தை எப்படியெல்லாமோ கழிக்க, இவர் அந்நேரத்தைத் தமிழ்க் கணினிக்குக் கொடுத்தார்.

இன்று கைப்பேசியில் தமிழ் தானாகத் தெரிகிறது. இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர் நிலைமை அப்படியன்று. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1980களின் நடுப்பகுதியிலிருந்து உருவாக்கி வந்த முரசு அஞ்சல் போன்ற மென்பொருள்கள் இருந்தன. 1991இல் யூனிகோடில் தமிழுக்கு இடம் கிடைத்திருந்தது. விண்டோஸ் 2000இல்தான் லதா என்ற எழுத்துருவோடு யூனிகோடுத் தமிழ் வந்து சேர்ந்தது. அதற்கு முந்திய கணினிகளை வைத்திருந்தவர்களுக்கு யூனிகோடுத் தமிழ்ப் பக்கங்கள் வெறும் கட்டங்களாகவே தெரிந்தன. ஆளுக்கொரு எழுத்துரு, இதழுக்கொரு குறியீட்டு முறை என்று தமிழ் சிதறிக் கிடந்தது. ஒருவர் பாமினியில் எழுதியதை அந்த எழுத்துரு இல்லாத மற்றொருவர் திறந்தால், ஆங்கில எழுத்துக்களின் குப்பையே கண்ணில் படும்.

உமர் தம்பி உருவாக்கிய தேனீ எழுத்துரு இந்தத் தடையை எளிதாகக் கடந்தது. வாசகரின் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லாவிடினும், இணையப் பக்கத்தைத் திறந்த மாத்திரத்தில் எழுத்துரு தானே இறங்கிவந்து எழுத்துக்களைக் காட்டும் வகையில் அதை அமைத்துக் கொடுத்தார். அக்காலத் தமிழ் வலைப்பதிவர்கள் பலர் தங்கள் பக்கங்களில் இதைப் பதித்துக்கொண்டனர். அத்துடன் நில்லாமல், ஒலிப்பு முறையில் யூனிகோடுத் தமிழை எழுதும் கருவி, ஒரு குறியீட்டிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் கருவி எனப் பலவற்றை எழுதி, காசு வாங்காமல் வழங்கினார். 2010இல் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டை ஒட்டி நடந்த தமிழ் இணைய மாநாட்டில் அரங்கு ஒன்றுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. நம் ஜமாஅத்துகளின் விழா மேடைகளில் அவர் பெயர் அரிதாகவே ஒலிக்கிறது என்பது என் ஆதங்கம்.

அவரது பணியில் பயிற்சி பெறுவோர் கற்க வேண்டிய ஒன்று உண்டு. எழுத்துரு, தட்டச்சு, குறியீட்டு மாற்றம் ஆகிய மூன்றுமே மொழியின் உள்ளமைப்பை அறிந்தால்தான் கைகூடும். 'நாகர்கோவில்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று ஆறாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால் ஆறு என்று சரியாகச் சொல்லும். கணினியைக் கேட்டால் பதினொன்று என்னும். உயிர்மெய்யை மெய்யாகவும் உயிர்க்குறியாகவும் பிரித்து வைத்திருப்பதே காரணம். கணினியின் குறியீட்டெண் வரிசைப்படி பெயர்ப் பட்டியலை அடுக்கினால், னகரம் பகரத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். அகராதி வரிசை கெட்டுவிடும். தமிழில் பட்டியல் காட்டும் மென்பொருளை எழுதும் தமிழ் நிரலர், இதற்கெல்லாம் விடை தெரிந்தவராக இருக்க வேண்டாமா?

இதைவிடக் கடினமான தேர்வு ஒன்று நம் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது. அதுதான் அரபுத்தமிழ். அரபி எழுத்தில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புள்ளிகளைச் சேர்த்து எழுத்துக்கள் உருவாக்கி, நம் முன்னோர் அதில் நூல்கள் இயற்றினர். கீழக்கரையின் இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) அவர்களின் நூல்கள் அவ்வகையின. அரபுத்தமிழ் வலமிருந்து இடமாகச் செல்லும். அதே வரியில் வரும் எண்களோ இடமிருந்து வலமாக நிற்கும். பக்கத்தில் தமிழ் எழுத்தில் பொருள் எழுதினால் வரியின் திசை மீண்டும் மாறும். இம்மூன்றும் ஒரே சாளரத்தில் பிழையின்றித் தெரியவும், சுட்டியால் தொட்ட இடத்தில் எழுத்தைத் திருத்தவும் வகை செய்யும் ஒரு சிறு மென்பொருளை எழுதி முடித்த நிரலரை, உலகின் எந்த நிறுவனத்திலும் எழுத்துச் செயலாக்கப் பணிக்கு அஞ்சாமல் அனுப்பலாம். தக்கலையில் அடங்கியிருக்கும் பீர்முஹம்மது அப்பா அவர்களின் ஞானப்புகழ்ச்சி ஆண்டுதோறும் ரஜப் மாதத்தில் அங்கே இரவெல்லாம் பாடப்படுகிறது. அத்தகைய பாடல்களைச் சொல் வாரியாகத் தேடவும், பாடபேதங்களை ஒப்பிடவும் உதவும் மென்பொருள் ஒன்றை அந்த ஊர்ப் பிள்ளைகளே எழுதினால், பயிற்சிக்குப் பயிற்சியும் ஆகும், பணிக்குப் பணியும் ஆகும்.

பயிற்சியில் என்ன இருக்க வேண்டும்?

மேற்பயிற்சி என்று விளம்பரம் செய்யும் பல இடங்களில் புதிய கருவியின் பெயரே பாடத்திட்டமாகிவிடுகிறது. கருவிகள் வரும், போகும். 1991இல் வந்த விஷுவல் பேசிக் 1998இல் ஆறாம் பதிப்பை எட்டி உச்சத்தில் நின்றது. அதன் உருவாக்கக் கருவிக்கு மைக்ரோசாஃப்ட் அளித்த ஆதரவு 2008இல் முடிந்தது. ஃபாக்ஸ்புரோவின் கடைசிப் பதிப்பு 2004இல் வெளிவந்து, 2015இல் ஆதரவை இழந்தது. 2002இல் டாட் நெட் வந்தது, 2006இல் டபிள்யூ.பி.எஃப். வந்தது, 2013இல் தோன்றிய எலக்ட்ரான், இணையப் பக்கம் எழுதத் தெரிந்தவரும் மேசை மென்பொருள் எழுதலாம் என்றாக்கியது. நினைவகத்தைத் தாராளமாக விழுங்கும் என்ற குறை எலக்ட்ரானுக்கு உண்டு. பழைய கணினிகள் நிறைந்த நம் கடைத்தெருவில் அக்குறை சிறியதன்று. நார்வேயில் பிறந்த கியூட்டி 1995 முதல் சி பிளஸ் பிளஸ் நிரலர்களுக்குத் துணையாக நின்று வருகிறது. சான்றிதழ்களின் கதையும் இதுவே. எம்.சி.எஸ்.டி. என்னும் மைக்ரோசாஃப்ட் சான்றிதழைப் பெற ஒரு காலத்தில் எத்தனையோ வீடுகளில் பணம் செலவிட்டார்கள். 2021 ஜனவரியோடு அந்நிறுவனமே அதை நிறுத்திவிட்டது.

கருவி மாறினாலும் மாறாதவை சில உண்டு.

வலீமா விருந்து நடக்கும் வீட்டை எண்ணிப் பாருங்கள். வாசலில் நின்று விருந்தினரை வரவேற்பவரே பிரியாணி தேக்ஸாவையும் கிண்டப் போனால் என்ன ஆகும்? வந்தவர்கள் வாசலில் திகைத்து நிற்பார்கள். கணினித் திரையில் சாளரம் வெளிறிப்போய், பொத்தானை அழுத்தினாலும் அசையாமல் நிற்கிறதே, அதன் காரணம் இதுதான். பயனாளரின் விரலசைவைக் கவனிக்க வேண்டிய இழையிடமே கனமான கணக்கையும் நிரலர் ஒப்படைத்துவிட்டார். வரவேற்பவர் வாசலில் நிற்க, சமையல் பின்கட்டில் நடக்க, வெந்ததும் சேதி வாசலுக்கு வர வேண்டும். 2012இல் சி ஷார்ப் மொழியில் இதற்கென எளிய சொற்களே சேர்க்கப்பட்டன. ஆயினும், இரு இழைகள் ஒரே தகவலை ஒரே நேரத்தில் தொடும்போது நேரும் குழப்பத்தைச் சொற்கள் தீர்த்துவிடா. அதை அனுபவமுள்ள ஓர் ஆசிரியர் அருகில் அமர்ந்து, பழுதான நிரலைக் காட்டிக் கற்பிக்க வேண்டும்.

அடுத்தது, தகவலைக் காப்பது. ஒருவர் கணக்கில் கழித்து மற்றவர் கணக்கில் கூட்ட வேண்டிய இடத்தில், கழித்தவுடன் மின்சாரம் நின்றால்? இரண்டும் நடக்க வேண்டும், அல்லது இரண்டும் நடக்காதிருக்க வேண்டும்; பாதியில் நிற்றல் கூடாது. தரவுத்தளங்களில் இதற்கு வழியுண்டு. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த எஸ்.கியூ.லைட் என்ற இலவசத் தரவுத்தளம்கூட இதைச் செவ்வனே செய்கிறது. ஆனால் வழி இருப்பதை அறியாமல் தனித்தனிக் கட்டளையாக எழுதுவோர் ஏராளம். குர்ஆனின் மிக நீண்ட வசனம், அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. எழுதுபவர் நீதியாக எழுத வேண்டும், சிறிதோ பெரிதோ தவணையோடு எழுதச் சலிக்கக் கூடாது, சாட்சிகள் வேண்டும் என்று அது விரிவாக எடுத்துரைக்கிறது. அந்த வசனத்தை ஓதி வளர்ந்த பிள்ளை எழுதும் கணக்கு மென்பொருளில், யார் எப்போது எந்தத் தொகையைத் திருத்தினார் என்ற பதிவு அழியாமல் இருக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பது மிகையாகாது.

மூன்றாவது, கணக்கையும் காட்சியையும் பிரித்து எழுதுவது. இதற்குத் தொழுகை நேர மென்பொருளைவிடச் சிறந்த பயிற்சி எனக்குத் தோன்றவில்லை. இந்திய நேரம் 82½ பாகைத் தீர்க்கரேகையை அடியாகக் கொண்டது. நாகர்கோவில் ஏறக்குறைய 77.43 பாகையில் இருக்கிறது. பாகைக்கு நான்கு நிமிடமாகக் கணக்கிட்டால், சராசரியாக நண்பகல் 12 மணி 20 நிமிடத்தில் நிகழும். பருவத்துக்கேற்ப அது முன்பின்னாகும். நம் மாவட்டத்துக்குள்ளேயே கன்னியாகுமரிக்கும் தேங்காய்ப்பட்டணத்துக்கும் இடையே ஏறத்தாழ ஒன்றரை நிமிட வேறுபாடு உண்டு. ஃபஜ்ருக்குச் சூரியன் அடிவானத்துக்குக் கீழே 18 பாகையில் இருப்பதைப் பல கணக்கீட்டு முறைகள் கொள்கின்றன; சில முறைகள் சற்றே வேறுபடுகின்றன. அஸ்ருக்கு ஷாஃபியீ மத்ஹபில் நிழல் ஒரு மடங்கு, ஹனஃபியில் இரு மடங்கு. கிப்லாவோ, நாகர்கோவிலிலிருந்து நேர் மேற்கன்று. மேற்கிலிருந்து வடக்காக ஏறக்குறைய 24 பாகை.

இக்கணக்குகளையெல்லாம் சாளரத்தின் பொத்தானுக்குள்ளேயே எழுதிவிடுவது தொடக்க நிலையாளரின் வழக்கம். பயிற்சி பெற்றவர், கணக்கைத் தனி அறையில் வைப்பார். ஊரின் இருப்பிடம், தேதி, மத்ஹபு ஆகியவற்றைக் கொடுத்தால் நேரத்தைத் தரும். திரை என்ற ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. அப்படி எழுதினால், பள்ளிவாசலில் ஏற்கெனவே சரிபார்க்கப்பட்ட நேர அட்டவணையோடு 365 நாட்களையும் இயந்திரமே ஒப்பிட்டுப் பிழை சொல்லும். நாளை அதையே கைப்பேசிக்கும் கொண்டுபோகலாம்.

இவற்றோடு, பிறர் கணினியில் நிறுவும் கட்டை உருவாக்குவது, பழைய பதிப்பின் தகவல் சிதையாமல் புதிய பதிப்பை ஏற்றுவது, நிரலின் மாற்றங்களைக் கிட் போன்ற கருவியால் காத்து வைப்பது ஆகியனவும் வேண்டும். பார்வையற்றோர் பயன்படுத்துமாறு அமைப்பதை நம் பயிற்சிகள் கண்டுகொள்வதேயில்லை. திரையில் உள்ளதைப் படித்துக்காட்டும் என்.வி.டி.ஏ. என்ற இலவச மென்பொருளை 2006இல் தொடங்கியவர் பார்வையற்ற ஓர் ஆஸ்திரேலிய இளைஞர். நாம் வைக்கும் பொத்தானுக்குப் பெயரிடாமல் படத்தை மட்டும் ஒட்டிவிட்டால், அந்த மென்பொருள் அதை வெறும் 'பொத்தான்' என்றே வாசிக்கும்.

பழையதைப் புதிதாக்கும் வேலையைப் பற்றியும் ஒரு சொல். விஷுவல் பேசிக்கிலும் ஃபாக்ஸ்புரோவிலும் எழுதப்பட்ட மென்பொருள்களை இன்றும் விடாமல் வைத்திருக்கும் கடைகளும் மருத்துவமனைகளும் உண்டு. ஃபாக்ஸ்புரோவின் கோப்பு இரண்டு ஜிகாபைட்டைத் தாண்டினால் நின்றுவிடும். விஷுவல் பேசிக்கின் இயல்பான கட்டங்களில் யூனிகோடுத் தமிழ் தெரியாது. ஆதலால் பெயர்களை ஏதோ ஒரு பழைய எழுத்துருவின் குறியீட்டில் நிரப்பி வைத்திருப்பார்கள். அத்தகவலை ஓர் எழுத்தும் பிசகாமல் புதிய மென்பொருளுக்கு மாற்றிக் கொடுப்பவருக்கு, விளம்பரமின்றியே வேலை தேடி வரும். பளபளப்பு இல்லாத வேலைதான்; ஹலாலான, நிலையான வருவாய் தரும் வேலை.

எங்கே கற்பது?

நம் மாவட்டத்திலேயே 1989இல் குமாரகோவிலில் தொடங்கப்பெற்று, 2008இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்ற நூருல் இஸ்லாம் கல்வி நிறுவனம் இருக்கிறது. டாக்டர் ஏ.பி. மஜீத்கான் நிறுவிய அந்த வளாகத்தில் உருவான நியூசாட் என்னும் 15 கிலோ எடைச் செயற்கைக்கோள், 2017 ஜூன் 23 அன்று பி.எஸ்.எல்.வி. சி-38 மூலம் விண்ணில் ஏவப்பட்டது. பயிர் நிலையையும் பேரிடர்களையும் கண்காணிக்கும் படங்களை எடுப்பது அதன் நோக்கம். அதற்கான தரைக்கட்டுப்பாட்டு நிலையமும் அந்த வளாகத்திலேயே அமைக்கப்பட்டது. விண்ணிலிருந்து சில நிமிடங்களே எட்டும் சமிக்ஞையை ஒரு துளியும் தவறவிடாமல் வாங்கி, அதே நேரத்தில் திரையில் காட்டியும் கோப்பில் எழுதியும் வைக்க வேண்டிய இடத்தில், மேலே சொன்ன வலீமா விருந்தின் பாடம் எத்துணை முக்கியமென்று சொல்ல வேண்டியதில்லை. தக்கலைக்கு அருகில் இத்தகைய பணி நடந்திருக்க, நம் பிள்ளைகள் தொலைவிலுள்ள பயிற்சி நிலையங்களைத் தேடி அலைகிறார்கள்.

கட்டணமில்லாமல் கற்கவும் வழிகள் உண்டு. ஐ.ஐ.டி.க்கள் இணைந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களை வீட்டிலிருந்தே கேட்கலாம். சான்றிதழ் தேர்வுக்கு மட்டுமே கட்டணம். மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுட்டோரியல் திட்டத்தில் ஜாவா, சி பிளஸ் பிளஸ் முதலியவற்றுக்குத் தமிழ் விளக்கத்துடனே பாடங்கள் கிடைக்கின்றன. இவை அடிப்படையை உறுதி செய்துகொள்ள உதவும். எனினும் நேர்மையாகச் சொல்வதானால், காணொளி பார்த்தே மேற்பயிற்சியை முடித்துவிட முடியாது. தன் நிரலைப் பிறர் படித்துக் குறை கூறக் கேட்பதுதான் இத்துறையின் மேற்பயிற்சி. தென்காசிப் பக்கத்து மத்தளம்பாறையில் 2011இல் அலுவலகம் அமைத்த ஸோஹோ நிறுவனம், 2005 முதல் பள்ளிக்கல்வி முடித்த பிள்ளைகளை உதவித்தொகையோடு சேர்த்துப் பயிற்றுவித்து வருகிறது. அது புதியவர்களுக்கானது, ஏற்கெனவே நிரலராய் உள்ளவருக்கு அன்று. ஆயினும் உண்மையான மென்பொருளில் கை வைத்துக் கற்பது என்ற அதன் முறை நாமும் கைக்கொள்ளத் தக்கது.

பெருந்தொகை கேட்கும் நிலையங்களைப் பொறுத்தவரை, பெற்றோர் மூன்றே கேள்விகள் கேட்டால் போதும். பாடம் நடத்துபவர் தாமே எழுதிப் பிறர் பயன்படுத்திவரும் மென்பொருள் ஏதேனும் உண்டா? மாணவர் எழுதும் நிரலை வாரந்தோறும் யார் படித்துத் திருத்துவார்? சென்ற அணியினர் செய்து முடித்ததை இயக்கிக் காட்ட முடியுமா? இதற்கு விடை மழுப்பலாக வந்தால், சலாம் சொல்லி எழுந்துவிடுங்கள். வேலை உத்தரவாதம் என்ற சொல்லை நம்பி, வட்டிக்குக் கடன் வாங்கியும் தாயின் நகையை அடகு வைத்தும் கட்டணம் செலுத்துவது நம் குடும்பங்களில் நிகழ்ந்து வருகிறது. ஜமாஅத்தின் பைத்துல்மால் வட்டியில்லாக் கடனாக இதற்கு உதவலாம். மாணவருக்கு ஸகாத் வழங்குவதன் வரையறையை ஆலிம் பெருமக்களிடம் கேட்டுத் தெளிவு பெறலாம். ஸதகாவுக்கு அந்தத் தயக்கமும் வேண்டியதில்லை.

நம் பெண்மக்களின் நிலை தனியே எண்ணத் தக்கது. பி.எஸ்சி. கணினி அறிவியலும் எம்.சி.ஏ.வும் முதல் வகுப்பில் தேறிய பெண்கள், திருமணத்துக்குப் பின் குழந்தை வளர்ப்பில் நான்கைந்து ஆண்டுகள் கழித்துவிட்டு, மறந்துபோன பாடத்தை நினைத்து மனம் குமைகின்றனர். மாமியார் வீட்டிலிருந்து கழக்கூட்டத்துக்கு நாள்தோறும் சென்று வருவது எல்லோராலும் இயலாது. மேசை மென்பொருள் உருவாக்கமோ வீட்டிலிருந்தே செய்யத் தக்க பணி. கணினி ஒன்றும், நாளொன்றுக்கு மூன்று மணி நேர அமைதியும் இருந்தால் போதும். இரண்டாவதைப் பெற்றுத் தருவது கணவரின் கையிலும் மாமியாரின் கையிலும் இருக்கிறது. இத்தகைய சகோதரிகள் நால்வர் ஐவர் ஓர் ஊரில் சேர்ந்து, வாரம் ஒருநாள் ஒருவர் வீட்டில் கூடி, ஒருவர் நிரலை மற்றவர் படித்துத் திருத்தினால், அதுவே ஒரு பயிற்சி நிலையம்.

அவர்கள் எடுத்துச் செய்ய ஒரு பணியையும் இங்கே முன்வைக்கிறேன். நம் மஹல்லா ஜமாஅத்துகளில் நிக்காஹ் பதிவேடுகள் தலைமுறை தலைமுறையாகக் காக்கப்பட்டு வருகின்றன. தாள் மக்கி, மை மங்கி வரும் பழைய ஏடுகளைப் படமெடுத்து, பெயர்களைத் தட்டெழுதி, இணையமின்றியே பள்ளிவாசல் அலுவலகக் கணினியில் தேடத் தக்க மென்பொருள் வேண்டும். கடவுச்சீட்டுக்காகவும் வாரிசுச் சான்றுக்காகவும் பெயர் தேடி வருவோருக்கு மோதினார் பல ஏடுகளைப் புரட்டும் சிரமம் நீங்கும். அந்தரங்கத் தகவலாதலால் கடவுச்சொல்லும், யார் பார்த்தார் என்ற பதிவும் கட்டாயம் வேண்டும். ஹிஜ்ரி, கொல்லம், ஆங்கிலம் என மூன்று ஆண்டுக் கணக்குகளை எதிர்கொள்ள நேரலாம். நாஞ்சில் நாடு 1956 வரை திருவிதாங்கூர்ப் பகுதியாய் இருந்ததால், பழைய ஏடுகளில் மலையாளமும் எதிர்ப்படக் கூடும். எல்லாவற்றுக்கும் முன்னதாக ஒரு சிக்கல் காத்திருக்கிறது: ஒரே மனிதரின் பெயரை ஓர் ஏட்டில் முஹம்மது என்றும், மற்றோர் ஏட்டில் முகம்மது என்றும், வேறோர் ஏட்டில் முகமது என்றும் எழுதியிருப்பார்கள். மூன்றையும் ஒருசேரக் கண்டெடுத்துத் தரும் தேடலை எழுதுவதிலிருந்து அவர்கள் தொடங்கட்டும், இன்ஷா அல்லாஹ்.